கார்சியா: ஒரு பெயர், பல்லாயிரம் குடும்பங்கள்

ஸ்பெயினில் தேர்வு முடிவுகளோ, வேட்பாளர் பட்டியலோ, வீட்டு வாசல் தபால் பெட்டிகளோ, எதைப் பார்த்தாலும் ஒரு கார்சியா கண்ணில் படுவார். அந்த நாட்டின் தேசியப் புள்ளியியல் நிறுவனம் குடும்பப் பெயர்களின் கணக்கை வெளியிடுகிறது. அதில் முதலிடம் பல காலமாகக் கார்சியாவுக்குத்தான். அங்கே ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர்கள் உண்டு; 14 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கார்சியாதான் முதல் குடும்பப் பெயர். நூற்றுக்கு மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாம் இடத்துக்கு மோதிக்கொள்ளும் கொன்சாலெஸ், ரொத்ரிகெஸ், பெர்னாந்தெஸ் ஆகிய பெயர்கள் வெகுவாகப் பின்தங்கியே இருக்கின்றன.

இத்தனை பேருக்கும் ஒரே மூதாதையரா? இல்லை. ஒரே ஊரா? அதுவும் இல்லை. ஒரு பெயர் எப்படிப் பிறந்தது, எப்படிக் குடும்பப் பெயராக உறைந்தது, எப்படிக் கடல் தாண்டியது என்பதையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்கக் கார்சியாவைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து கிடையாது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கார்சியா ஆதியில் குடும்பப் பெயரே அல்ல. பெற்றோர் பிள்ளைக்கு வைக்கிற சொந்தப் பெயர். ஸ்பெயினையும் பிரான்ஸையும் பிரிக்கும் பிரெனே மலைகளின் மேற்குப் பக்கம், இன்றைய நவார்ரா, பாஸ்க் நாடு இருக்கும் பகுதியில், ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே ஆண்பிள்ளைகளுக்குக் கார்சியா என்று பெயரிட்டார்கள். பழைய லத்தீன் ஆவணங்களில் இதைக் கார்சேயா என்று எழுதினார்கள். அரபு ஆவணங்களில் கர்சியா என்று வரும். ரோமானியர் கொண்டுவந்த பெயரும் அல்ல, பின்னால் வந்து ஆண்ட ஜெர்மானிய இனத்தவரான விசிகோத்துகளின் பெயரும் அல்ல என்பதில் அறிஞர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. அதற்கும் முந்திய பாஸ்க் மொழி வேர் என்பதே பெரும்பாலோர் முடிவு. கரடியைக் குறிக்கும் 'ஹார்ட்ஸ்' என்ற பாஸ்க் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள் சிலர். 'இளையவன்' என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள் வேறு சிலர். கரடிக் கதை கேட்க நன்றாக இருப்பதால் இணையத்தில் அதுவே பரவிவிட்டது. ஆனால் இரண்டுமே ஊகம்தான்.

அந்தக் காலத்தில் பெயர் எப்படி வேலை செய்தது என்று பார்க்க, பின்னாளில் நவார்ரா என்று பெயர் பெற்ற பாம்ப்லோனா நாட்டு அரசர்களின் வரிசையைப் பிரித்துப் பார்த்தால் போதும். 905-இல் ஆட்சிக்கு வந்தவர் சாஞ்சோ கார்செஸ். அதாவது கார்சியாவின் மகன் சாஞ்சோ. அவர் மகன் கார்சியா சாஞ்செஸ், சாஞ்சோவின் மகன் கார்சியா. அவருக்கு மகன் சாஞ்சோ கார்செஸ். அவருக்கு மகன் மறுபடியும் கார்சியா சாஞ்செஸ். அப்புறம் சாஞ்சோ கார்செஸ், அப்புறம் கார்சியா சாஞ்செஸ், அப்புறம் இன்னொரு சாஞ்சோ கார்செஸ். இந்தக் கடைசி சாஞ்சோவை 1076-இல் பெஞாலென் என்ற இடத்தில் உடன்பிறந்தவர்களே சதி செய்து செங்குத்துப் பாறையிலிருந்து தள்ளிக் கொன்றார்கள். பாட்டன் பெயர் பேரனுக்கு வர, இரண்டே பெயர்கள் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் மாறிமாறி அரியணை ஏறியிருக்கின்றன.

தமிழர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். அப்பா பெயரின் முதலெழுத்தை இனிஷியலாகப் போட்டுக்கொள்கிறோம். நம் பிள்ளைக்கு நம்முடைய பெயர் இனிஷியலாகிவிடும். ஒவ்வொரு தலைமுறையிலும் மாறும். இடைக்கால ஸ்பெயினிலும் அப்படித்தான் இருந்தது. அப்பா பெயரோடு -எஸ் என்ற விகுதியைச் சேர்த்தால் 'இன்னாரின் மகன்'. பெர்னாந்தோவின் மகன் பெர்னாந்தெஸ், ரொத்ரிகோவின் மகன் ரொத்ரிகெஸ், சாஞ்சோவின் மகன் சாஞ்செஸ், கார்சியாவின் மகன் கார்செஸ்.

இந்த இடத்தில் ஒரு கேள்வி எழ வேண்டும். மற்ற பெரிய பெயர்கள் எல்லாம் -எஸ் என்று முடிகின்றன. கார்சியா மட்டும் ஏன் வாலில்லாமல் நிற்கிறது? எல்லா ஊரிலும் எல்லோரும் விகுதி சேர்க்கவில்லை என்பதே காரணம். அப்பாவின் பெயரை அப்படியே பக்கத்தில் போட்டுக்கொள்ளும் வழக்கமும் கூடவே இருந்தது. மார்த்தின், அலோன்சோ போன்ற பெயர்களும் இப்படித்தான் குடும்பப் பெயர்களாயின. கார்சியாவைப் பொறுத்தவரை இந்த வழக்கமே ஜெயித்தது. கார்செஸ் இன்றும் உண்டு, ஆனால் கார்சியாவின் பக்கத்தில் அது வெகு சிறிய பெயர்.

பாம்ப்லோனாவிலிருந்து இந்தப் பெயர் தெற்கேயும் மேற்கேயும் பரவியதற்குத் திருமண உறவுகள் ஒரு காரணம். வடமேற்கில் இருந்த லியோன் அரசை 910 முதல் 914 வரை ஆண்டவர் ஒரு கார்சியா. 970-இல், அதன் கிழக்கே இருந்த காஸ்டீலின் கோமகனாக வந்தவர் கார்சியா பெர்னாந்தெஸ். 11-ஆம் நூற்றாண்டில் கலீசியாவுக்கும் ஒரு கார்சியா அரசராக இருந்தார். அரச குடும்பத்தில் ஒரு பெயர் புழங்கினால், ஊரில் நாலு வீட்டில் அந்தப் பெயர் கேட்கும். இது எங்கேயும் உள்ளதுதானே. முஸ்லிம்கள் ஆண்ட பகுதியிலும் இந்தப் பெயரின் தடம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் தெனியா என்ற ஊரின் அரசவையில் 11-ஆம் நூற்றாண்டில் ஒரு எழுத்தர் இருந்தார். சிறுவயதில் சிறைபிடிக்கப்பட்டு முஸ்லிமாக வளர்க்கப்பட்ட பாஸ்க் பிள்ளை. அரபியில் அவர் பெயர் அபூ ஆமிர் இப்னு கர்சியா அல்-பஷ்குன்சி. கர்சியாவின் மகன், பாஸ்க் நாட்டான் என்று அர்த்தம். அரபு அல்லாத மக்களின் பெருமையை அரபி மொழியிலேயே எழுதி, பெரிய விவாதத்தைக் கிளப்பியவர் அவர். மதமும் மொழியும் மாறியும், தந்தையின் பெயர் வழியே பிறந்த ஊர் அவர் கூடவே வந்திருக்கிறது. கார்சியா பற்றிப் படித்ததில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் இவர்தான்.

சரி, தலைமுறைக்குத் தலைமுறை மாறிய பெயர் எப்போது நிலைத்தது? ஒரே நாளில் நடக்கவில்லை. சொத்து உள்ள குடும்பங்கள் முதலில் நிறுத்திக்கொண்டன; நிலம் யாருடையது என்று காட்டப் பெயர் மாறாமல் இருப்பது வசதி. 13 முதல் 16-ஆம் நூற்றாண்டு வரை மெல்ல மெல்ல மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். 1497, 1498 ஆண்டுகளில் தொலேதோ பேராயர் சிஸ்னெரோஸ் கூட்டிய சபைகள், ஒவ்வொரு பங்குக் கோயிலிலும் ஞானஸ்நானப் பதிவேடு வைக்கவேண்டும் என்று உத்தரவிட்டன. 1563-இல் முடிந்த, கத்தோலிக்க ஆயர்களின் திரெந்து பொதுச்சங்கம் அதைக் கத்தோலிக்க உலகம் முழுவதற்கும் கொண்டுபோனது. கடைசியில் 1871-இல் அரசின் சிவில் பதிவேடு வந்து, இரண்டு குடும்பப் பெயர் முறையைச் சட்டத்தின் கட்டுக்குள் கொண்டுவந்தது.

உறைகிற காலத்தில் எந்தச் சொந்தப் பெயர் அதிகம் புழங்கியதோ, அதுவே பெரிய குடும்பப் பெயராயிற்று. காஸ்டீலின் ஆயிரக்கணக்கான வீடுகளில் யாரோ ஒரு கார்சியா அப்பாவாகவோ தாத்தாவாகவோ இருந்தார். ஒவ்வொரு வீடும் தனித்தனியாக அந்தப் பெயரில் நின்றுவிட்டது. அதனால்தான் 'கார்சியா வம்சம்' என்று ஒன்று கிடையாது. தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும் ஒய் குரோமோசோமை வைத்து ஸ்பெயினில் நடந்த ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. அரிதான குடும்பப் பெயர் உள்ள ஆண்களுக்கிடையே பொது மூதாதையரின் அடையாளம் தெரிகிறது; கார்சியா மாதிரி எங்கும் நிறைந்த பெயர்களில் அப்படித் தெரிவதில்லை. சுற்றுலாக் கடைகளில் 'கார்சியா குடும்பச் சின்னம்' என்று கேடயம் அச்சடித்து விற்கிறார்கள். எல்லாக் கார்சியாக்களுக்கும் சேர்த்து அப்படி ஒரு சின்னம் இருக்கவே முடியாது.

பெயர்கள் உறையும் முன்பு எவ்வளவு நெகிழ்வாக இருந்தன என்பதற்கு ஒருவரைக் காட்டுகிறேன். 1539-இல் பெருவின் கூஸ்கோ நகரில் ஒரு குழந்தை பிறந்தது. தந்தை ஸ்பானிய கேப்டன் செபாஸ்தியான் கார்சிலாசோ தெ லா வேகா. தாய் இன்கா அரச குலத்துப் பெண் சிம்பு ஒக்லோ. குழந்தைக்கு வைத்த பெயரோ கோமெஸ் சுவாரெஸ் தெ பிகெரோவா! தந்தை வழி உறவினர் ஒருவரின் முழுப்பெயரை அப்படியே வைத்துவிட்டார்கள். அப்பாவின் குடும்பப் பெயர் பிள்ளைக்கு வந்தே தீரவேண்டும் என்ற விதி அப்போது இல்லை. ஸ்பெயினுக்குப் போன பிறகு, 1563-இல், அவரே தந்தையின் பெயரை எடுத்துக்கொண்டார். இன்கா கார்சிலாசோ தெ லா வேகா என்று உலகம் அறிந்த வரலாற்றாசிரியர் அவர்தான். கார்சிலாசோ என்பதிலும் கார்சியா இருக்கிறது. கார்சியா என்ற முன்பெயரைக் கார்சி என்று சுருக்கி, லாசோ என்ற பெயரோடு ஒட்டியது அது.

அதே நூற்றாண்டில் சொந்தப் பெயராகவும் கார்சியா உயிரோடு இருந்தது. கோவாவில் பல ஆண்டுகள் மருத்துவம் பார்த்து, இந்திய மூலிகைகளையும் மருந்துப் பொருள்களையும் பற்றி 1563-இல் அங்கேயே நூல் வெளியிட்ட போர்ச்சுகீசியர் கார்சியா த ஓர்த்தா. அவருக்குக் கார்சியா என்பது சொந்தப் பெயர். பெருவின் வைஸ்ராயாக இருந்த கார்சியா ஊர்தாதோ தெ மெந்தோசாவுக்கும் அப்படியே. இன்று பிள்ளைக்குக் கார்சியா என்று பெயர் வைப்பது மிக அரிது.

இப்போது ஸ்பெயின் வரைபடத்துக்கு வருவோம். புள்ளியியல் நிறுவனத்தின் தளத்தில் ஒரு குடும்பப் பெயரைத் தட்டினால் எந்த மாகாணத்தில் எவ்வளவு அடர்த்தி என்று நிறம் போட்டுக் காட்டுகிறது. கார்சியாவைத் தட்டினால், காஸ்டீலின் ஆவிலா பக்கம் தொடங்கி, அல்பசெத்தே வழியாக முர்சியா வரை நிறம் அடர்ந்திருக்கும். காஸ்டீல் அரசு முஸ்லிம் ஆட்சிப் பகுதிகளைப் பிடித்துக்கொண்டு தெற்கே நகர்ந்த வழி இது. தொலேதோ 1085-இல் விழுந்தது, கோர்தோபா 1236-இல், செவில் 1248-இல். பிடித்த நிலத்தில் குடியேற வடக்கிலிருந்து விவசாயிகளும் வீரர்களும் வந்தார்கள், பெயரும் கூட வந்தது. வடமேற்கில் கதை வேறு. கலீசியாவில் ரொத்ரிகெஸ் முந்தும், அஸ்தூரியாஸில் பெர்னாந்தெஸ் முந்தும்.

பாஸ்க் நாட்டில் இன்று அதிகம் பேருக்கு உள்ள குடும்பப் பெயரும் கார்சியாதான். தாய்மண்தானே, அதில் என்ன வியப்பு என்று தோன்றலாம். ஆனால் இவர்களில் பெரும்பாலோர் அங்கேயே தங்கியிருந்த பழைய கார்சியாக்களின் வழி வந்தவர்கள் அல்லர். பில்பாவோவின் இரும்பாலைகளுக்கும் கப்பல் கட்டும் தளங்களுக்கும் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து காஸ்டீல் போன்ற பகுதிகளிலிருந்து தொழிலாளர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அவர்களோடு வந்த பெயர் இது. பல நூறு ஆண்டுகளுக்கு முன் அந்த மலைகளிலிருந்து இறங்கிய ஒரு பெயர், ஊர் ஊராகச் சுற்றி, ஆலைத் தொழிலாளியின் பெயராகத் திரும்பி வந்திருக்கிறது. கட்டலோனியாவிலும் கார்சியாவே முதலிடம். 1950, 60-களில் ஆண்டலூசியாவிலிருந்தும் முர்சியாவிலிருந்தும் பார்சிலோனாவுக்கு வேலை தேடிப் போனவர்களால் வந்த நிலை அது. இன்றைய அடர்த்தியை வைத்துப் பூர்விகத்தைக் கணிக்கக் கூடாது என்பதற்கு இந்த இரண்டு பகுதிகளும் நல்ல பாடம்.

கடல் கடந்த கதை இன்னும் பெரியது. அமெரிக்கக் கண்டத்துக்குக் கப்பலேறிய முதல் தலைமுறையில் தெற்கு ஸ்பெயினின் ஆண்டலூசியர்கள் பெரிய கூட்டம். அந்தத் தடம் உச்சரிப்பில் இன்றும் கேட்கிறது. மத்ரித் பக்கத்தில் நாக்கைப் பல்லில் வைத்துக் 'கார்த்தியா' என்கிறார்கள். மெக்சிகோ முதல் அர்ஜென்டினா வரை 'கார்சியா'தான் கேட்கும். ஆண்டலூசியாவின் பல பகுதிகளிலும் அப்படியே.

ஆனால் லத்தீன் அமெரிக்காவின் கார்சியாக்கள் எல்லோரும் ஸ்பானிய வழி வந்தவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. பூர்வகுடி மக்களுக்கும், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களுக்கும் ஞானஸ்நானத்தின்போது ஸ்பானியப் பெயர் வைத்தார்கள். ஞானத் தந்தையின் பெயரோ, நில உரிமையாளரின் பெயரோ, எஜமானின் பெயரோ ஒட்டிக்கொண்டது. ஒரு பெயருக்குப் பின்னால் திருமணமும் இருக்கலாம், பக்தியும் இருக்கலாம், அடிமைச் சங்கிலியும் இருக்கலாம். பெயரை மட்டும் பார்த்து எது என்று சொல்ல முடியாது. மெக்சிகோவில் எர்னாந்தெஸுக்கு அடுத்த இடம் கார்சியாவுக்கு. எண்ணிக்கையில் ஸ்பெயினைவிட அங்கேதான் கார்சியாக்கள் அதிகம்.

நம் கடற்கரைக்கும் இந்த வழக்கத்தோடு நேரடித் தொடர்பு உண்டு. 1530-களில் தூத்துக்குடி முத்துக்குளித்துறைப் பரதவர்கள் போர்ச்சுகீசியர்களிடம் கூட்டமாக ஞானஸ்நானம் பெற்றார்கள். பெர்னாண்டோ, கோமஸ், ரோட்ரிகோ போன்ற பெயர்கள் அப்படி வந்தவை. இலங்கையின் பெரேரா, சில்வாவும் அப்படியே. போர்ச்சுகீசியமும் ஸ்பானியமும் பக்கத்து மொழிகள், பெயர்களும் சகோதரப் பெயர்கள். தூத்துக்குடி பெர்னாண்டோ போர்ச்சுகீசியர் பரம்பரை அல்லர் என்று நமக்குத் தெரியும். மணிலா கார்சியாவையும் அப்படியே பார்க்கவேண்டும்.

ஸ்பெயின் ஆண்ட பிலிப்பைன்ஸில் நடந்தது தனி ரகம். அங்கே பலர் தெ லா குரூஸ், தெ லோஸ் சாந்தோஸ் என்று பக்திப் பெயர்களைத் தம் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்டார்கள். ஒரே வீட்டு அண்ணன் தம்பிக்குக்கூட வெவ்வேறு பெயர். வரி வசூலிக்கும் அதிகாரிகளுக்குத் தலைவலி. 1849 நவம்பர் 21 அன்று ஆளுநர் நார்சிசோ கிளாவெரியா ஒரு ஆணை பிறப்பித்தார். சுமார் 61,000 பெயர்கள் கொண்ட அகரவரிசைப் புத்தகம் தயாரானது. அதன் பக்கங்கள் மாகாணங்களுக்கும் ஊர்களுக்கும் பிரித்து அனுப்பப்பட்டன. குடும்பத் தலைவர்கள் அதிலிருந்து ஒரு பெயரை எடுத்துக்கொள்ளவேண்டும். ஆல்பாய் மாகாணத்தின் ஓவாஸ் ஊரில் இன்றும் ஏராளமான குடும்பப் பெயர்கள் ஆர் எழுத்தில் தொடங்குவது அதனால்தான். நான்கு தலைமுறையாக ஒரே பெயரை வைத்திருந்தவர்களுக்கு மட்டும் அதைத் தொடர அனுமதி கிடைத்தது. இன்று பிலிப்பைன்ஸின் மிகப் பரவலான குடும்பப் பெயர்களில் கார்சியாவும் ஒன்று. 1957 முதல் 1961 வரை அந்நாட்டு அதிபராக இருந்தவர் கார்லோஸ் பி. கார்சியா. அந்த 'பி' அவர் தாயின் குடும்பப் பெயரான போலெஸ்டிகோ. ஸ்பெயினில் தாயின் பெயர் கடைசியில் வரும். அமெரிக்க ஆட்சிக்குப் பின் பிலிப்பைன்ஸில் அது நடுவுக்கு நகர்ந்துவிட்டது.

அமெரிக்க ஐக்கிய நாட்டில் கார்சியாவின் ஏற்றம் கணக்கெடுப்புகளில் பளிச்சென்று தெரிகிறது. 1990-இல் 18-ஆம் இடம், 2000-இல் 8, 2010-இல் 6. அந்த 2010 கணக்கில் 11.6 லட்சம் கார்சியாக்கள். எல்லோரும் குடிவந்தவர்கள் அல்லர். 1848-இல் மெக்சிகோவின் பெரும்பகுதி அமெரிக்கா வசம் போனபோது, இருந்த இடத்திலேயே நாடு மாறிய குடும்பங்களும் உண்டு. பிரான்ஸிலும் கார்சியா நிறைய. 1939-இல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தோற்று எல்லை கடந்த குடியரசு ஆதரவாளர்களும், அல்ஜீரியாவின் ஓரானில் குடியேறி 1962-இல் பிரான்ஸுக்குப் போன ஸ்பானிய வழியினரும் கொண்டுசென்ற பெயர் அது.

இனி, புதிதாகப் படிப்பவர்களைக் குழப்பும் இரட்டைப் பெயர் முறை. ஸ்பெயினில் ஒவ்வொருவருக்கும் இரண்டு குடும்பப் பெயர்கள்: அப்பாவின் முதல் குடும்பப் பெயர், அடுத்து அம்மாவின் முதல் குடும்பப் பெயர். கல்யாணத்தால் பெண்ணின் பெயர் மாறாது. அப்பா பெரேஸ் ரூயிஸ், அம்மா கார்சியா லோபெஸ் என்றால் பிள்ளை பெரேஸ் கார்சியா. இரண்டு பக்கமும் கார்சியா என்றால் பிள்ளை கார்சியா கார்சியா. ஸ்பெயினில் அப்படி 70,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள்.

பெயர் மிகச் சாதாரணமாக இருந்தால், அடையாளம் காட்டும் வேலையை இரண்டாவது பெயர் எடுத்துக்கொள்ளும். கவிஞர் பெதெரிகோ கார்சியா லோர்காவை உலகம் லோர்கா என்கிறது. அது அவர் தாய் விசெந்தாவின் பெயர். பிக்காசோவும் தாய் வழிப் பெயரே, தந்தை வழியில் அவர் ரூயிஸ். கேப்ரியல் கார்சியா மார்க்வெஸை நாம் தமிழில் மார்க்வெஸ் என்று கூப்பிட்டுப் பழகிவிட்டோம். ஆனால் ஸ்பானிய மொழி நூலகத்தில் அவரை 'க' வரிசையில், கார்சியாவின் கீழ்தான் தேடவேண்டும். அந்தக் கார்சியாவுக்குள்ளும் ஒரு கதை இருக்கிறது. அவருடைய அப்பா கேப்ரியல் எலிகியோ திருமணத்துக்கு வெளியே பிறந்தவர். அவரைப் பெற்றவரின் குடும்பப் பெயர் மார்த்தினெஸ். பிள்ளைக்கு வந்ததோ தாய் அர்கெமிராவின் கார்சியா. நோபல் பரிசு மேடை வரை போன அந்தக் கார்சியா, ஒரு பாட்டியின் பெயர்.

1999-இல் வந்த சட்டம், பெற்றோர் ஒத்துக்கொண்டால் அம்மாவின் பெயரை முன்னால் வைக்கலாம் என்றது. 2017 ஜூன் 30 முதல் அப்பா பெயருக்கு இருந்த தானியங்கி முன்னுரிமையே போய்விட்டது. எந்த வரிசை என்பதைப் பெற்றோர்தான் சொல்லவேண்டும். அவர்கள் உடன்படவில்லை என்றால் பதிவாளர் முடிவு செய்வார். அம்மாவின் அரிய பெயரைக் காப்பாற்ற நினைக்கும் கார்சியா வீடுகளுக்கு இதனால் வழி திறந்திருக்கிறது.

உங்களுக்குத் தெரிந்த ஒரு கார்சியா தன் பூர்விகத்தைத் தேடக் கிளம்பினால், கார்சியா என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள் என்று சொல்லுங்கள். இரண்டாவது பெயரையும், தாத்தா பாட்டிகளின் பெயர்களில் எது அரிதானதோ அதையும் முதலில் எடுக்கட்டும். அந்தப் பெயர் எந்த மாகாணத்தில் குவிந்திருக்கிறது என்று பார்க்கலாம். பிறகு 1871-க்கு இந்தப் பக்கம் சிவில் பதிவேடு, அந்தப் பக்கம் பங்குக் கோயிலின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள். மூதாதையர் 16-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கா போனவராக இருந்தால், செவில் நகரின் 'இந்தியாஸ்' (அமெரிக்கக் கண்டத்தை ஸ்பானியர் அன்று அழைத்த பெயர்) ஆவணக் காப்பகத்தில் கப்பல் பயணிகளின் பதிவுகள் இருக்கின்றன. பயணியின் பெற்றோர் பெயரும் சொந்த ஊரும் அவற்றில் பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். ஆயிரம் கார்சியாக்களில் ஒருவரைப் பிரித்தெடுக்க அந்த ஊர்ப் பெயர்தான் உதவும்.